மானா, இரலையா?

கேள்வி: மான்களையும் இரலைகளையும் எப்படி வேறுபடுத்தி அறிவது? கொம்பில்லாத பெண் விலங்காக இருந்தால் என்ன செய்வது?

பதில்: முதலில் கொம்பைப் பாருங்கள். புள்ளிமான், கடமான் போன்ற மான்களின் கொம்பு முழுக்க எலும்பால் ஆனது, பெரும்பாலும் கிளைவிட்டிருக்கும், பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமான், சிங்காரா, நீல்காய் முதலிய இரலைகளுக்கோ, மண்டையோட்டிலிருந்து எழும் எலும்புத் தண்டின்மேல், நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின் புரதத்தாலான உறை மூடியிருக்கும். அந்தக் கொம்பு கிளைவிடுவதும் இல்லை, உதிர்வதும் இல்லை. நாற்கொம்பு மானுக்கு 4 கொம்புகள் இருந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியே முளைத்தவை என்பதால், அதுவும் இரலையே.

மான்கொம்பு வளரும் விதம் உண்மையிலேயே வியப்புக்குரியது. வளரும் பருவத்தில் அதன்மேல் மென்மயிர் அடர்ந்த தோல் போர்த்தியிருக்கும். அத்தோலில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்திருப்பதால், அடிபட்டால் இரத்தம் கசியும். வளர்ச்சி முடிந்து ஆண் ஹார்மோன் பெருகும்போது இரத்த ஓட்டம் நின்று, தோல் காய்ந்து நார்நாராக உரிய, மான் அதை மரத்திலும் புதரிலும் தேய்த்துக் களைகிறது. எஞ்சி நிற்பது உயிரற்ற எலும்பு. இனப்பெருக்கக் காலம் கடந்து ஹார்மோன் குறைந்ததும், அடிப்பகுதியில் உள்ள எலும்பை மானின் உடல் செல்களே அரித்துவிட, கொம்பு கழன்று விழுகிறது.

விலக்குகளும் உண்டு. பனிமான்களில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. சீன நீர்மானில் ஆணுக்குக்கூடக் கிடையாது, அதற்குப் பதிலாக நீண்ட கோரைப்பற்கள் இருக்கும். வட அமெரிக்காவின் பிராங்ஹார்ன் ஆண்டுதோறும் கொம்பின் உறையை மட்டும் உதிர்க்கிறது. அதனால் அதை இரண்டிலும் சேர்க்காமல் தனிக் குடும்பமாகவே வகைப்படுத்துகிறார்கள்.

கொம்புள்ள பெண் விலங்கு பனிமானாக இல்லாவிட்டால், அதை இரலை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். ஓரிக்ஸ் போன்ற பல இரலைகளில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. கொம்பில்லாத பெண்ணை அடையாளம் காணப் பொதுவிதி எதுவும் உதவாது. அந்தந்த இனத்தின் நிறத்தையும் உடல்வாகையும் அறிந்திருக்க வேண்டும். புள்ளிமானின் பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் வெண்புள்ளிகள் இருக்கும். வெளிமானின் பெண்ணுக்குப் புள்ளியே இராது, பழுப்பு முதுகும் வெண்ணிற வயிறும் தெளிவாகப் பிரிந்து தெரியும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் உண்டு.

வெளித்தோற்றம் எப்படியிருந்தாலும் உறவுமுறை வேறுதான். இரலைகள் மாடு, ஆடு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே நீல்காய்க்குப் புள்ளிமானைவிடப் பசுவே நெருங்கிய உறவு.