தலையில் அடிபட்ட கணவர் ஏன் இப்படிக் கோபப்படுகிறார்?

கேள்வி: நாங்கள் நிலாவெளிப் பக்கம். கணவருக்கு 34 வயது, கடற்தொழில். நாலு மாதத்துக்கு முன் இரவு ரவுணிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது உப்புவெளிக்குக் கிட்ட மாட்டில் மோதி விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார், பட்டி பூட்டவில்லை. திருகோணமலை ஆஸ்பத்திரியிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். இரண்டு கிழமை எங்களைத் தெரியவில்லை. இப்போது நடக்கிறார், கதைக்கிறார், ஆனால் பழைய ஆள் இல்லை. கறியில் ருசியில்லை என்று தட்டைத் தூக்கி எறிகிறார். பகல் முழுக்கப் படுக்கை. நான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேன் என்கிறா மாமி. வலிப்புக் குளிசைதான் ஆளை மந்தமாக்குகிறது, நிப்பாட்டு என்கிறார்கள் அயலில். பைக் திறப்பைக் கேட்டுத் தினமும் சண்டை. என்ன செய்ய, அக்கா?

பதில்: தங்கச்சி, மாமிக்கும் கேட்கிற மாதிரி இதை வாசியுங்கள். அவருக்குச் செல்லமும் கூடவில்லை, குணமும் கெடவில்லை. காயம் இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான்.

மூளை மென்மையானது. அது உட்கார்ந்திருக்கும் மண்டையோட்டின் அடித்தளமோ, நெற்றிக்கும் கன்னப்பொட்டுக்கும் பின்னால், புதிதாகக் கொத்தின அம்மி மாதிரிச் சொரசொரப்பானது. வேகமாகப் போன தலை சட்டென்று நிற்கும்போது மூளையின் முன்பகுதி அதில் உரசிக் காயப்படுகிறது. கோபத்தை அடக்குவது, ஒரு வேலையைத் தொடங்குவது, யோசித்துப் பேசுவது எல்லாம் அந்தப் பகுதியின் பொறுப்பு. மூளைக்குள் ஓடும் நரம்பு இழைகளும் இழுபட்டு அறும். அது சி.டி. ஸ்கானில் பெரிதாகத் தெரியாமலே போகலாம். 'ஸ்கான் நல்லாத்தானே இருக்கு, பிறகு ஏன் இப்படி?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இரண்டு கிழமை ஆட்களைத் தெரியவில்லை என்றால் பலத்த அடி.

சரி, அந்தத் தட்டுக்கு வருவோம். கறியில் ருசியில்லை என்று அவர் சொல்வது பொய்யாக இல்லாமல் இருக்கலாம். மணம் அறியும் நரம்புகள் மூக்குக்கு மேலே உள்ள மெல்லிய எலும்பின் சிறு துளைகள் வழியாக மூளைக்குள் போகின்றன. தலை பலமாக உலுக்குப்பட்டால் அந்த இடத்திலேயே அறுந்துவிடலாம். மணம் போனால் ருசியில் பெரும்பங்கு போய்விடும். உப்பு, புளி, இனிப்பு, கசப்பு, உறைப்பு மாதிரியானவை மட்டும் மிஞ்சும். சோதித்துப் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, முதலில் கோப்பித்தூளையும் பிறகு கருவாட்டையும் மூக்குக்குக் கிட்டப் பிடியுங்கள். இரண்டும் தெரியவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். கறியில் எலுமிச்சம்புளியும் மிளகும் கொஞ்சம் கூட்டுங்கள், மொறுமொறுப்பாக ஒரு பொரியலும் வையுங்கள். மணம் தெரியாதவருக்குக் காஸ் ஒழுகினாலும் தெரியாது, மீன் பழுதானாலும் தெரியாது. அதனால் அடுப்படியில் அவரைத் தனியாக விட வேண்டாம்.

அடுத்தது, தட்டு எந்த நேரத்தில் பறக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரவுச் சாப்பாடாகத்தான் இருக்கும். பகலெல்லாம் மூளை களைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து ரீவியில் நாடகம் ஓடும், பிள்ளை அழும், மாமி ஒரு கேள்வி கேட்பா. இத்தனை சத்தத்தையும் பிரித்தெடுக்க அந்த மூளையால் இப்போது முடியாது. ஒரு கிழமைக்கு அவருக்கு மட்டும் நேரத்தோடு சாப்பாடு கொடுத்துப் பாருங்கள். ரீவியை நிப்பாட்டி, பக்கத்தில் ஒருவர் மட்டும் இருங்கள். மத்தியானம் ஒரு மணித்தியாலம் படுக்கட்டும், ஆனால் எழுப்பிவிடுங்கள். பகல் முழுக்கத் தூங்கினால் இரவு கெட்டு, அடுத்த நாள் கோபம் இன்னும் கூடும்.

கோபம் ஏறிவிட்டால் நியாயம் பேச வேண்டாம். குரலைத் தாழ்த்தி, கதையை மாற்றி, இரண்டு நிமிடம் விலகி நில்லுங்கள். 'ஏன் எறிஞ்சனீங்கள்?' என்று பிறகு கேட்டும் பயனில்லை. பாதி நேரம் அவருக்கே நினைவிருக்காது. இன்னொன்று, பார்க்க வருகிற சனம் எல்லோரும் 'என்னைத் தெரியுதா? நான் ஆர் சொல்லு பாப்பம்' என்று சோதனை வைப்பார்கள். வாசலிலேயே மறித்து, வருகிறவர்களைத் தங்கள் பேரைச் சொல்லிக்கொண்டே உள்ளே வரச் சொல்லுங்கள். சுகம் விசாரிக்க வந்து பரீட்சை நடத்துகிற பழக்கம் நம் ஊரில் எப்போது போகுமோ!

படுத்தே கிடப்பதும் பெரும்பாலும் அதே முன்பகுதிக் காயத்தால்தான். 'குளிக்கப் போறன்' என்பார், எழும்ப மாட்டார். மனம் இல்லாமல் இல்லை, தொடங்கி வைக்கும் இடம் பழுது. 'எழும்பிப் போய்க் குளிச்சிட்டு வாங்கோ' என்று ஒரே மூச்சில் சொல்லாமல், துவாயைக் கையில் கொடுங்கள். எழும்பியதும் அடுத்ததைச் சொல்லுங்கள். கடற்தொழிலாளி என்றீர்கள். பேர்கள் மறந்தாலும் கை பழகின வேலை பெரும்பாலும் தப்பிக்கும். பின்னேரம் நிழலில் ஒரு கிழிந்த வலையையும் ஊசியையும் நூலையும் வையுங்கள். நாலு கண் பொத்தினாலும் போதும், இருபது நிமிடத்தில் நிப்பாட்டுங்கள். 'இன்னும் செய்வன்' என்றாலும் விட வேண்டாம், களைத்தால் கோபம்.

குளிசை பற்றி அயலவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வலிப்பு மருந்துகளில் சில மந்தமாக்கும். லெவெட்டிரசிட்டம் என்கிற மருந்து சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். கிளினிக் புத்தகத்தில் அந்தப் பேர் இருக்கிறதா என்று பார்த்து, கோபத்தைப் பற்றி வைத்தியரிடம் சொல்லுங்கள். மாற்றவோ குறைக்கவோ அவர் முடிவெடுப்பார். ஒருமுறையும் வலிப்பு வராதவருக்கு அந்தக் குளிசை நீண்ட நாளைக்குத் தேவைப்படாமலும் போகலாம். ஆனால் நீங்களாகச் சட்டென்று நிப்பாட்டினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரலாம்.

வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். கையில் இரும்புத் திறப்பைத் திணித்து ஒரு பயனும் இல்லை. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்புமுன் மற்றது வந்தாலோ 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தலையிடி நாளுக்கு நாள் கூடுதல், வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், ஒருபக்கக் கை கால் சோர்வு, நன்றாக நடந்தவர் தள்ளாடுவது, புதிதாகச் சிறுநீர் போவது தெரியாமல் இருப்பது, இவற்றுக்கும் அப்படித்தான். மண்டைக்குள் மெதுவாக இரத்தமோ நீரோ கட்டுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

பைக் இப்போதைக்கு இல்லை. கடலும் இல்லை, வள்ளத்தில் வலிப்பு வந்தால் அவரோடு சேர்ந்து மற்றவர்களுக்கும் ஆபத்து. கிணற்றுக்கட்டில் நின்று அள்ளிக் குளிக்கவும் விடாதீர்கள், வாளியில் தண்ணீரை எடுத்துவந்து வையுங்கள். கள்ளும் சாராயமும் அறவே கூடாது. திறப்புச் சண்டையை நீங்கள் வெல்ல முடியாது, அதனால் அதில் இறங்கவே வேண்டாம். பைக்கைச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள். கண்ணில் படாத பொருளுக்குச் சண்டை குறையும். அடுத்த கிளினிக்கில் வைத்தியரையே அவர் முகத்துக்கு நேரே 'இப்ப ஓடக்கூடாது' என்று சொல்ல வையுங்கள். நீங்கள் சொன்னால் தடை, அவர் சொன்னால் மருந்து.

வேகமான முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில், அதன் பிறகு மெதுவாக இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும். நாலாம் மாதத்தில் எதையும் முடிவு கட்ட முடியாது. முழுக்கப் பழைய ஆளாக வருவார் என்று நான் வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். ஒரு கொப்பியில் கோபம் வந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு தூங்கினார் என்று எழுதி, கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். ஐந்து நிமிடம் கிடைக்கிற இடத்தில் 'ஒரே கோபம் டொக்டர்' என்பதைவிட அந்தப் பக்கம் கூடச் சொல்லும். தொழில்வழிச் சிகிச்சைக்கும் (அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குவது) மனநலப் பிரிவுக்கும் கடிதம் கேளுங்கள். மனநலம் என்றதும் சனம் கதைக்கும், கதைக்கட்டும். ராகமை மறுவாழ்வு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், காயத்தால் வரும் கோபம் என்பதற்காக நீங்கள் அடிவாங்க வேண்டியதில்லை. கை ஓங்கினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். எந்த வீட்டுக்குப் போவது என்று இன்றைக்கே பேசி வையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 1938. பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: அப்பாவின் தலைக்குள் அடி, உங்கள் மேல் பிழை இல்லை. கிழமையில் ஒரு முழு நாளாவது அவரை மாமியிடம் விட்டுவிட்டு, தாய் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழும்பி வாருங்கள். செல்லக் கதையும் அதோடு கொஞ்சம் குறையும்.