கொழும்பில் எங்கே சாப்பிடுவது என்பதைவிட எப்போது என்பது முக்கியம்

தம்பி,

திருப்பூரிலிருந்து வேலை மாறி வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கிறீர்கள், அலுவலகம் யூனியன் பிளேசில். செயலியைத் திறந்தால் மால் கடைகளும் பெரிய ரெஸ்டாரண்டுகளும்தான் வருகின்றன, இப்படியே சாப்பிட்டால் சம்பளம் கட்டுப்படியாகாது, செவ்வாயும் வெள்ளியும் சைவம் வேறு, உள்ளூர்க்காரர்கள் எங்கேதான் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டவன். நல்ல சாப்பாடு கிடைக்காமல் ஒரு பிள்ளை தினமும் பிஸ்கட்டும் பாண் என்கிற பிரெட்டும் தின்று நாளை ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கு. நம் இந்திய ரூபாய் ஒன்று இங்கே ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய். பெரிய ரெஸ்டாரண்டில் மெனு அட்டையில் இருக்கும் விலையோடு வேலை முடியாது. 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் வற் (VAT) வரி. 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம். ஆயிரம் ரூபாய் சாப்பாடு கைக்கு வரும்போது ஆயிரத்து முந்நூறைத் தொடும். செயலியில் எடுத்தால் கொண்டுவந்து தரும் செலவும் சேரும். தெருமுனைக் கடையில் இதெல்லாம் கிடையாது. சொன்ன விலைதான் கொடுக்கும் விலை. இணையத்தில் பழைய விலைப்பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். 2022 பொருளாதார நெருக்கடியில், அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம், முந்தைய ஆண்டு செப்டம்பரோடு ஒப்பிட்டால், 94.9 சதவீதத்துக்குப் போனது. எரிவாயு கிடைக்காமல் எத்தனையோ சிறு கடைகள் மூடின, சில விறகடுப்புக்கு மாறித் தப்பின. அதற்கு முன் எழுதியதெல்லாம் வேறொரு ஊரின் விலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த ஊரில் ஒரே கடை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. காலையில் இடியப்பம் விற்ற இடத்தில் பன்னிரண்டு மணிக்குச் சோறு, சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பக்கல்லும் கொத்து ரொட்டித் தட்டும். ஒவ்வொன்றும் அதன் நேரத்தில் போனால் பிரமாதமாக இருக்கும், நேரம் தவறினால் சுமார்தான். மத்தியானச் சோறு பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள்; மூன்று மணிக்குப் போய் நின்றால் ஆறிப்போன பருப்பும் அடியில் கிடக்கும் கறியும்தான் மிச்சம். நம் பக்கம் ஆப்பம் காலைப் பலகாரம். இங்கே பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் சூடாக வார்ப்பார்கள். "அந்தக் கடை நல்லா இல்லை" என்று புதிதாக வந்தவர்கள் சொல்லும்போது நான் முதலில் கேட்பது, எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பதைத்தான்.

காலைச் சாப்பாட்டுக்கு நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம். வெள்ளவத்தையில் இருப்பதே வரம். காலி வீதியில் சைவக்கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் வீதியோரத்துப் பெரிய போர்டுகளோடு நின்றுவிடாதீர்கள். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கைகளுக்குள்ளும், எதிர்ப்பக்கம் ஹம்டன் லேன், மானிங் பிளேஸ் பக்கமும் சின்னக் கடைகள் உண்டு. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல்: இந்த மூன்றும் சேர்ந்தால் வயிறும் நிறையும், காசும் கரையாது. சொதி என்றால் மஞ்சள் போட்ட மெல்லிய தேங்காய்ப்பால் குழம்பு. இடியப்பத்தின் மேல் தாராளமாக ஊற்றிக் குழைத்துச் சாப்பிட வேண்டும். காலை நடை போகிறவர்கள் கூடும் இடங்களில் இலைக்கஞ்சி விற்பார்கள், சிங்களத்தில் கொலகெந்த. வல்லாரை மாதிரி ஏதாவது கீரையை அரைத்துப் பிழிந்து அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சி, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டியோடு தருவார்கள். நேரமில்லாத நாளில் அது போதும்.

மத்தியானம்தான் உங்களுக்குச் சிக்கல் என்று புரிகிறது, யூனியன் பிளேசில் கண்ணாடிக் கட்டிடங்கள்தான் கண்ணில் படும். ஆனால் அந்த ரோட்டை விட்டுப் பின்னால் நடந்தால் கொம்பனித்தெரு. அங்கேயும், அலுவலகங்கள் இருக்கிற எந்தப் பகுதியின் பின் தெருக்களிலும், சோற்றுக்கடைகள் இருக்கும்; சிங்களத்தில் பத் கடே என்பார்கள். உங்கள் அலுவலகக் காவலாளியிடம் எங்கே பார்சல் எடுக்கிறார் என்று கேளுங்கள். மாதச் சம்பளத்தில் தினமும் ஒரே கடையில் வாங்கிச் சாப்பிடுகிற மனிதர் அவர். ருசியும் விலையும் இரண்டும் சரியாக இல்லையென்றால் அவர் அந்தக் கடைக்கு ஒரு வாரம்கூடப் போக மாட்டார்.

உள்ளே போனால் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சட்டிகள் வரிசையாக இருக்கும். சிவப்பரிசியா வெள்ளையா என்று கேட்பார்கள். சிவப்பு எடுத்துப் பழகுங்கள், நாலு மணிவரை தாங்கும். பருப்பு, இரண்டு மூன்று மரக்கறி (இங்கே காய்கறிக்கு அந்தப் பெயர்), மல்லும் எனப்படும் தேங்காய்ப்பூ போட்ட கீரைச் சுண்டல், அப்பளம், பொரித்த மிளகாய் எல்லாம் சோற்றோடு வரும். மீன், கோழி, முட்டைக்குத் தனி விலை. உட்கார்ந்து சாப்பிட்டால் பெரும்பாலான கடைகளில் சோறும் மரக்கறியும் மறுபடி கேட்கலாம், தயங்க வேண்டாம். மீன் சாப்பிடுகிற நாளில் அம்புல் தியல் இருக்கிறதா என்று பாருங்கள். சூரை மீனைக் கொறுக்காய்ப் புளியும் மிளகும் சேர்த்து வற்ற வைத்தது. தென்பகுதிக்காரர்களின் பக்குவம். குழம்பில்லாத மீன் எப்படி என்று யோசிக்காமல் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

பார்சல் பதினொன்றரைக்கே மேசையில் அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். மரக்கறிப் பார்சல் 300 ரூபாய்க்கு அக்கம்பக்கம், கோழியோ மீனோ என்றால் நூறு நூற்றைம்பது கூட. பல கடைகளில் ஒரு பார்சல் சோறு இருவருக்குப் போதும். அலுவலகத்தில் ஒரு நண்பர் கிடைத்தால் பாதிப் பாதி போட்டுக்கொள்ளுங்கள், சோறு வீணாகாது.

செவ்வாய், வெள்ளிக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே மரக்கறி என்று எழுதியிருப்பதெல்லாம் நம் கணக்கில் சைவம் ஆகாது. மாசிக் கருவாட்டை இடித்துச் சம்பலில் போடுவார்கள், மல்லுமில் போடுவார்கள், சில கைகள் பருப்பிலும் போடும். ருசிக்காகப் போடுவது, அவர்கள் அதை மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. சிங்களக் கடையில் "உம்பலகட தாலத?" என்று கேளுங்கள், மாசி போட்டிருக்கிறதா என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று காட்டிக் கொடுப்பார்கள். கேட்கவே வேண்டாம் என்றால் சைவக்கடைதான். பம்பலப்பிட்டியில் சரஸ்வதி லொட்ஜும் கிறீன்லண்ட்ஸும் எல்லாருக்கும் தெரிந்த பழைய பெயர்கள். தோசை, வடை, சாம்பார் நினைப்பு வந்துவிட்டால் அங்கே போய் உட்காருங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் இந்து வீடுகளில் சைவம் என்பதால் சைவக்கடைகளில் கூட்டம் தள்ளும். பன்னிரண்டுக்கு முன்பே போய்விடுவது நல்லது.

பத்தரமுல்லைப் பக்கம் ஏதாவது வேலையாகப் போனால் ஹெல போஜுன் என்ற இடத்தை விடாதீர்கள். விவசாயத் திணைக்களம் நடத்துவது. கிராமத்துப் பெண்கள் ஆளுக்கொரு சின்ன அடுப்படி வைத்து நம் கண்ணெதிரே குரக்கன் ரொட்டி, பிட்டு, கஞ்சி, இலைச்சாறு என்று செய்து தருவார்கள். குரக்கன் என்றால் நம் கேழ்வரகு. உழைக்கிற பெண்ணின் கைக்கே காசு போகிறது என்பது எனக்கு அந்த இடத்தில் மிகவும் பிடித்த விஷயம். இந்த விலைக்கு இவ்வளவு சுத்தமான சாப்பாடு ஊருக்குள் எளிதில் கிடைக்காது.

கொம்பனித்தெருவுக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் பலர் அறியாமல் போகும் சமையல் அங்கே இருக்கிறது. மலாய்க்காரர்கள், டச்சுக்காரர் காலத்தில் ஜாவா பக்கத்துத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். வீட்டில் இன்னும் மலாய் பேசுகிற குடும்பங்கள் உண்டு, தமிழும் சரளமாகப் பேசுவார்கள். பிட்டும் பாபத்தும் அவர்களுடைய காலைச் சாப்பாடு. பாபத் என்பது மாட்டு இரைப்பைக் கறி; சாப்பிடுகிறவர் என்றால் அவசியம் ருசித்துப் பாருங்கள். மாட்டிறைச்சி வேண்டாமென்றால் நாசி கோரெங் என்கிற பொரித்த சோறும், இனிப்பும் புளிப்புமாகக் காயும் ஈச்சம்பழமும் போட்ட மலாய் அச்சாறும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பகுதியில் பழைய வீடுகளை இடித்து உயரக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. குடும்பங்கள் இடம் மாறுகின்றன, அவர்களோடு கடைகளும் போய்விடுகின்றன. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இருக்கும்போதே போய்ச் சாப்பிடுங்கள்.

நாலு மணி டீ பற்றி ஒன்று. கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், மாலு பாண் எனப்படும் மீன் பன் எல்லாம் மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். பயப்பட வேண்டாம், தின்றதற்கு மட்டும்தான் காசு. மிச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதனால் எடுப்பதைத் தவிர மற்றதைக் கையால் தொடாதீர்கள். பால் இல்லாத டீ பிளேன்டீ. இஞ்சி போட்டுக் கேட்கலாம்.

ராத்திரிக்குக் கொத்து ரொட்டி பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சத்தமே இழுத்துக்கொண்டு போகும். அளவு பெரிது, இருவர் என்றால் ஒன்றே போதும். தனி ஆள் என்றால் அரைக் கொத்து தருவார்களா என்று கேளுங்கள். எண்ணெய் கொஞ்சம் குறைவாக வேண்டுமென்றால் இடியப்பக் கொத்து வாங்குங்கள். தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒன்று போதும், வயிறு முக்கியம். புதுக்கடை என்ற பகுதியின் இரவுச் சாப்பாட்டுத் தெரு இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கும் தெரிந்துவிட்டது. போனால் விலையைக் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். புரியாணி என்றால் மருதானை புகாரி பழைய பெயர். முஸ்லிம் கடைக்காரரை "நானா" என்று கூப்பிடுங்கள், அண்ணன் என்கிற மாதிரி. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் சாயங்காலம் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள், அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் கிடைக்கும். மே மாத வெசாக்கிலும் அடுத்து வரும் பொசனிலும், இரண்டும் பௌத்தர்களின் பௌர்ணமி விழாக்கள், தெருத்தெருவாகத் தன்சல் என்கிற அன்னதானம் போடுவார்கள்: சோறு, கடலை, ஐஸ்கிரீம், சர்பத், எல்லாம் இலவசம். வரிசையில் நிற்க வெட்கப்படாதீர்கள். காரில் வந்து இறங்குகிறவர்களும் அதே வரிசையில்தான் நிற்பார்கள். வந்து சாப்பிடுகிறவர்கள் இருந்தால்தான் போடுகிறவர்களுக்கு மனம் நிறையும்.

சனிக்கிழமை ரயிலேறிக் கோட்டையில் இறங்கிப் புறக்கோட்டைக்கு நடந்து பாருங்கள். மூட்டை தூக்கும் நாட்டாமிகளும் செட்டியார் தெரு நகைப்பட்டறைத் தொழிலாளிகளும் சாப்பிடுகிற கடைகள் மாடிப்படிக்குக் கீழேயும் சந்துக்குள்ளேயும் இருக்கும். இடம் நெருக்கடி, பக்கத்து ஆள் முழங்கை இடிக்கும், சோறு சூடாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும், போக வேண்டாம்.

கடைசியாக, கடையே இல்லாத சாப்பாடு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடுக்குமாடி வீடுகளில் யாழ்ப்பாணத்து அம்மாமார் சமைத்துக் கொடுக்கிறார்கள். போர்டு கிடையாது, செயலியில் வராது. இடியப்பமும் பிட்டும் முதல் நாள் சொன்னால் மறுநாள் காலையில் ரெடி. சில வீடுகளில் மாதக் கணக்கில் மத்தியானச் சாப்பாடும் கட்டித் தருவார்கள். உங்கள் வீட்டுக்காரரிடமோ, கோயிலில் பார்க்கிற ஒரு அக்காவிடமோ, தெருமுனைப் பலசரக்குக் கடையிலோ கேளுங்கள். மூன்றாவது ஆளுக்குள் ஒரு தொலைபேசி எண் கிடைத்துவிடும். வறுத்து அரைத்த யாழ்ப்பாணத் தூள் நம் நாக்குக்கே உறைக்கும், முதல் வாரம் உறைப்புக் குறைவாகக் கேட்டு வாங்குங்கள். மரியாதையாகப் பேசுங்கள், காசைத் தள்ளிப்போடாமல் கொடுங்கள், பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுங்கள். அந்த வீடுகளில் பலருக்கு இந்த வருமானத்தில்தான் வீட்டு வாடகை போகிறது.

பழகிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒடியல் கூழ் காய்ச்சுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பனங்கிழங்கு மாவில் மீன், நண்டு, இறால், மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் எல்லாம் போட்டுக் காய்ச்சுவது. ஒரு ஆளுக்காக அடுப்பேற்ற மாட்டார்கள், நாலைந்து பேர் சேர வேண்டும். ஆள் குறைந்தால் என்னையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், அவர்களுக்குச் சந்தைக்குப் போக நேரம் வேண்டும்.