உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஊர் ஹாலில் பெரிய திரையில் காட்ட என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

குமரி மாவட்டக் கடலோர ஊர், கிளப் சார்பில் திரையிடல், 300 பேர் வருவார்கள், 2026 கால்பந்து இறுதி ஆட்டம், செலவு அதிகம் கூடாது. கேள்வியில் இருப்பது இவ்வளவுதான்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மாதிரி மீனவ ஊர்கள் பக்கம் என்றால் 300 என்ற கணக்கை இப்போதே திருத்திவிடுங்கள். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கொச்சியில் இருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் ஊரில்தான் இருப்பார்கள். 450, 500 பேருக்குத் தயாராகுங்கள்.

ஆட்டம் நியூஜெர்சியில் ஜூலை 19 பிற்பகல் 3 மணிக்கு. நமக்கு அது திங்கள் அதிகாலை 12.30. அதனால் கூட்டம் பெரிது என்று மைதானத்தில் திரை கட்டும் ஆசை வந்தாலும் விட்டுவிடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. திருவிழாக்களுக்கு அரசு தரும் தளர்வுகூட நள்ளிரவு 12 வரைதான். பந்து உருள்வதே அதற்குப் பிறகு. மூடிய கூடத்துக்கு விலக்கு உண்டு. பங்குக் கோயில் ஹாலோ கல்யாண மண்டபமோ பிடித்துக்கொண்டு, காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஜூலை மழைக்கும் அதுதான் வழி.

திரைக்கு 12 அடி அகலம், 6.75 அடி உயரம் போதும். கடைசி வரிசை திரை உயரத்தைப் போல ஆறு மடங்குக்குள், அதாவது 40 அடிக்குள் இருந்தால்தான் மூலையில் ஓடும் ஸ்கோரும் நிமிடமும் படிக்க முடியும். திரையின் கீழ் விளிம்பு தரையில் இருந்து 5 அடி உயரத்தில் இருக்கட்டும். கோல் விழுந்ததும் முன்வரிசை எழுந்து நிற்கும். புரொஜெக்டரின் வெளிச்சம் 4000 லூமென்ஸ் இருக்கட்டும். 'த்ரோ ரேஷியோ' (திரை அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரத்தில் வைக்க வேண்டும் என்ற எண்) 1.5 என்று போட்டிருந்தால் திரையில் இருந்து 18 அடி தள்ளி, ஆள் தலைக்கு மேலே தொங்கவிட வேண்டும். மெனுவில் 'ஃபிரேம் இன்டர்போலேஷன்' அல்லது 'மோஷன் ஸ்மூத்' (நடுநடுவே புரொஜெக்டரே படம் உருவாக்கிச் சேர்க்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். நீண்ட பாஸ் போகும்போது பந்து வால்நட்சத்திரம் மாதிரி இழுபடுவதும், சில சமயம் காணாமலே போவதும் இதனால்தான்.

படமும் திரையும் யாரும் சமாளித்துவிடுவார்கள். திரையிடல் கெட்டுப்போவது சிக்னலிலும் கரண்டிலும்தான்.

மொபைல் ஆப்பை நம்பி இறங்காதீர்கள். ஆப்பில் வீடியோ சில விநாடித் துண்டுகளாக வருகிறது. மூன்று நான்கு துண்டு சேர்ந்த பிறகே ஓடத் தொடங்கும். அதனால் டிடிஎச்சை விட 20, 30 விநாடி பின்தங்குவது சாதாரணம். பக்கத்து வீட்டில் டிஷ் இருந்தால், உங்கள் திரையில் கார்னர் கிக் எடுக்கும் முன்பே அங்கே கோல் என்று கத்திவிடுவார்கள். போதாதற்கு ஒரே டவரில் 500 போன். முதன்மை டிடிஎச் ஹெச்.டி. இணைப்பு, மாற்று லோக்கல் கேபிள், கடைசியாக ஃபைபர் இணைப்பில் லேன் கேபிள் வழியாக ஆப். வரிசை இதுதான்.

மழையில் டிடிஎச் போவதற்கு மேகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் ஊர் உப்புக்காற்றில் எல்.என்.பி.யில் (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டி நிற்கும் சிக்னல் வாங்கி) கேபிளை மாட்டும் எஃப் கனெக்டர் பச்சை பிடித்து, சிக்னல் ஏற்கனவே பாதியாக இருக்கும். மழை மிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், மேலே ரப்பர் டேப் இறுக்கிச் சுற்றுங்கள், கேபிள் கீழ்நோக்கி ஒரு வளைவு போட்டு உள்ளே போகட்டும். 60 செ.மீ. டிஷ்ஷுக்குப் பதில் 90 செ.மீ. வைத்தால் சிக்னல் சுமார் 3.5 டெசிபெல், அதாவது இரண்டு மடங்குக்கு மேல், கூடுதலாகக் கிடைக்கும். நிறைய மழைக்கு அதுவே தாங்கும். இன்னொன்று: கன்னியாகுமரியில் இருந்து பார்த்தால், 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கும் செயற்கைக்கோள் ஏறக்குறைய 78 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருக்கிறது. டிஷ் மல்லாந்து கிடப்பதால் இலையும் பறவை எச்சமும் சேரும். துடைத்துவிடுங்கள். 108 டிகிரிக் கோள் என்றால் 53 டிகிரிதான். கிழக்கே தென்னை மறைக்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட். லேம்ப் வைத்த புரொஜெக்டர் ஒரு நொடி அணைந்தாலும் சூடு ஆறிய பிறகே மறுபடி எரியும். மூன்று முதல் ஐந்து நிமிடம் போய்விடும். செட்டாப் பாக்ஸும் முதலில் இருந்து தொடங்கும். ஜெனரேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மாறுகிற அந்த இடைவெளிதான் வினை. ஆகவே இவை இரண்டையும் தனியாக ஓர் இன்வெர்ட்டரில் போட்டு, அதன் பின்பக்க ஸ்விட்சை, இடைவெளி தெரியாமல் மாறும் 'யூ.பி.எஸ்.' நிலைக்குத் தள்ளுங்கள். 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று, சுமார் 350 வாட் சுமையை இரண்டரை மணி நேரம் தாங்கும். ஃபேன், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரில். ஜெனரேட்டரை ஹாலுக்கு வெளியே, ஜன்னலுக்குத் தள்ளி வையுங்கள். புகை உள்ளே வந்தால் ஆபத்து. எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி, பரிசளிப்பு எல்லாம் சேர்த்து நாலு மணி வரை டீசல் இருக்கட்டும். இடைவேளையில் கலைநிகழ்ச்சி உண்டு என்று ஃபிஃபா அறிவித்திருப்பதால் 15 நிமிடக் கணக்கும் செல்லாது.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை முறிக்கும் பழக்கம் நம் சவுண்ட் செட் ஆட்களிடம் உண்டு. முறிக்க விடாதீர்கள், மழைநாளில் உயிர் போகும். ஆடியோ லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் (கம்பிகளை நேரடியாக இணைக்காமல் ஒலியை மட்டும் கடத்துவது) ஒன்று போட்டால் தீர்ந்தது. சத்தம் முந்தி, படம் பிந்தி வந்தால் புரொஜெக்டரை 'கேம் மோடு'க்கு மாற்றுங்கள். ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் 15 மீட்டர் தாண்டினால் சாதாரண கேபிள் வேண்டாம், ஆப்டிகல் வாங்குங்கள். திரை கறுப்பாகவே நின்றால் நடுவில் இருக்கும் ஸ்பிளிட்டரை (படத்தைப் பல திரைக்குப் பிரிக்கும் பெட்டி) கழற்றிவிட்டு நேரடியாகச் செருகிப் பாருங்கள்; நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு அங்கேதான் சிக்கும்.

வீட்டுச் சந்தா பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. ஒளிபரப்பு உரிமை வைத்திருக்கும் சேனலுக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். டிக்கெட் போட்டாலோ, நகைக்கடை பேனர் கட்டினாலோ அது வணிகத் திரையிடல் ஆகிவிடும்.

முந்தின இரவு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இருக்கிறது. எல்லாவற்றையும் மாட்டி அதை முழுசாக ஓட்டுங்கள், நடுவே ஒரு தடவை மெயின் ஸ்விட்சை வேண்டுமென்றே அணைத்துப் பாருங்கள்.