வயலை ஈடு வைக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. "பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. ஊட்டச்சத்து கடைசி வருஷம் அக்கா. இங்கிலாந்தில் ஒரு வருஷ எம்.எஸ்ஸி. முடித்தால் அங்கேயே டயட்டீஷியன் ஆகிவிடலாம் என்கிறார் ஏஜென்ட். சேரன்மகாதேவி வயலை ஈடு வைக்க அப்பா தயார். வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். 2010-ல் நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு ஏஜென்டின் மாடி அறையில் உட்கார்ந்து இதே பேச்சை நானும் கேட்டேன். நம்பினேன்.

இங்கே இங்கிலாந்தில் டயட்டீஷியன் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஹெச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் பதிவு அமைப்பின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. நியூட்ரிஷனிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஒரு வருஷ எம்.எஸ்ஸி. பெரும்பாலும் உன்னை அந்த இரண்டாவது பெயரில்தான் கொண்டுபோய் நிறுத்தும். எனக்கு இது தெரிந்தது, படிப்பு முடிந்து ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பம் நிரப்பும்போதுதான். பதிவு எண் கேட்டு ஒரு கட்டம். அதில் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டு வருஷம் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் காய்கறியை மிக்ஸியில் அரைத்தேன். பிறகு கடன்மேல் கடன் வாங்கி, பதிவுக்கு வழிசெய்யும் இரண்டு வருஷ டயட்டெடிக்ஸ் முதுகலையில் சேர்ந்தேன். அதற்கு இடம் குறைவு. இளங்கலையில் உயிர்வேதியியலும் உடலியங்கியலும் போதுமான அளவு படித்திருக்கிறாயா என்று பார்ப்பார்கள்.

ஆனால் அந்தப் படிப்பில்தான் ஆஸ்பத்திரிப் பயிற்சி உண்டு. என் முதல் வாரத்தில் சர்க்கரை நோயோடு ஒரு ஈழத்துப் பாட்டி வந்தார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் உளுத்தங்களி. கணினி நிரலில் அப்படியொரு பண்டமே இல்லை. உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கிராம் கணக்கில் ஏற்றினேன். "எண்ணெய் எத்தனை கரண்டி?" என்று மேற்பார்வையாளர் கேட்கச் சொன்னார். பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கையில ஒட்டாமல் வாற வரைக்கும், பிள்ளை" என்றார். மூன்று கரண்டி என்று எழுதினேன். நம் வீட்டுக் கணக்கும் அதுதானே! வரும்போது, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைக் கையோடு கொண்டு வா. இங்குள்ள அட்டவணையில் நம் கீரைகளைத் தேடினால் கண்தான் வலிக்கும்.

மற்ற நாடுகள். ஆராய்ச்சிதான் ஆசை என்றால் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் நல்ல இடம், முதுகலை இரண்டு வருஷம். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. "இலவசம்" என்ற சொல்லைக் கேட்டு மயங்காதே, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிகிற முடக்குக் கணக்கில், ஒரு வருஷச் செலவுக்குச் சுமார் 12,000 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரி வேலைக்கு ஜெர்மன் மொழி வேண்டும். அமெரிக்காவில் 2024 முதல் முதுகலைப் பட்டம் இல்லாமல் டயட்டீஷியன் தேர்வே எழுத முடியாது. மேற்பார்வையோடு 1,000 மணி நேரப் பயிற்சியும் உண்டு. ஆஸ்திரேலியா என்றால் டயட்டீஷியன்ஸ் ஆஸ்திரேலியா என்ற சங்கம் அங்கீகரித்த படிப்புதானா என்று பார்.

இங்கிலாந்துதான் என்று மனசு சொன்னால் இதையும் தெரிந்துகொள். படிப்பு முடிந்து தங்கும் விசா இரண்டு வருஷமாக இருந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டே மாதம். அதற்குள் கடனை அடைத்துவிடலாம் என்று ஏஜென்ட் போடும் கணக்கில் வாடகை இருக்காது.

அவசரம் என்ன? நெல்லையிலோ மதுரையிலோ ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார். இங்கிலாந்து அரசின் செவனிங் உதவித்தொகைக்கு அந்த அனுபவத்தைத்தான் கேட்கிறார்கள். கிடைத்தால் ஒரு வருஷ முதுகலைக்குக் கட்டணம் அவர்கள் தலையில்; பதிவுக்கான இரண்டு வருஷப் படிப்புக்கு அது பொருந்தாது. இன்னொன்று, முடித்ததும் இரண்டு வருஷம் இந்தியாவில் இருந்தாக வேண்டும். உனக்கு அது சம்மதமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேள்: "இந்தப் படிப்பு ஹெச்.சி.பி.சி. ஒப்புதல் பட்டியலில் இருக்கிறதா?" பதிலை வாயால் வாங்காதே, எழுத்தில் வாங்கு. பட்டியல் ஹெச்.சி.பி.சி. இணையதளத்திலேயே இருக்கிறது, நீயும் ஒத்துப் பார். படிப்பின் பெயரை எனக்கு அனுப்பு, நானும் பார்க்கிறேன். அதுவரைக்கும் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும், பிசான நெல் அறுவடை முடியட்டும் என்று அப்பாவிடம் சொல்.