கேள்வி – பதில்: வகுப்பறைக்கு வரும் கணினி

கேள்வி: எங்கள் பள்ளியில் கணினி அறை ஒன்றை அமைத்துத் தர முன்னாள் மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். எத்தனை கணினிகள் வேண்டும், எந்த வகை வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்லலாம்?
– தலைமையாசிரியர் ஒருவர்

பதில்: எண்ணிக்கையைச் சொல்வதற்கு முன், எந்த வகுப்பு, எந்தப் பாடத்தில், எதற்காகக் கணினியின் முன் உட்காரப் போகிறது என்பதை உங்கள் ஆசிரியர்களோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் கருவிகளை வாங்கிக் குவித்த பள்ளிகளும் நாடுகளும் ஏமாற்றமே அடைந்திருக்கின்றன.

அமெரிக்கத் தொழில்நுட்ப அறிஞர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005-இல் அறிவித்த ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் மிகப் பெரிய அளவில் சேர்ந்த நாடு பெரு. அங்கே 319 தொடக்கப்பள்ளிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கி 2012-இல் முடிவுகளை வெளியிட்டது. மடிக்கணினி பெற்ற பள்ளிகளின் குழந்தைகளுக்கும் பெறாத பள்ளிகளின் குழந்தைகளுக்கும் இடையே கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பொதுவான சிந்தனைத் திறனைச் சோதிக்கும் தேர்வுகளில் சிறிது முன்னேற்றம் காணப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அத்தனை கருவிகளை வாங்கியபோது எதிர்பார்க்கப்பட்டது இவ்வளவு சிறிய பயன் அன்று. பெரும்பாலான பள்ளிகளில் அப்போது இணைய வசதி இருக்கவில்லை. தம் பாடத்தை அந்தக் கருவியோடு எப்படி இணைப்பது என்று ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியும் கிடைக்கவில்லை.

எஸ்டோனியா வேறு வழியில் சென்றது. அந்தச் சிறிய நாடு 1996-இல் ‘புலிப் பாய்ச்சல்’ என்ற திட்டத்தை அறிவித்தபோது, கணினி வாங்குவது, இணைய இணைப்புக் கொடுப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது, தாய்மொழியில் பாடமென்பொருள் உருவாக்குவது ஆகிய நான்கையும் சேர்த்தே திட்டமிட்டது.

ஆகவே, வழங்க நினைக்கும் தொகை முழுவதையும் கருவிகளிலேயே செலவிட்டுவிட வேண்டாம் என்று உங்கள் முன்னாள் மாணவர்களிடம் சொல்லுங்கள். ஒரு பகுதி ஆசிரியர் பயிற்சிக்கும், இன்னொரு பகுதி முதல் சில ஆண்டுகளின் பழுதுபார்ப்புக்கும் மின்சாரத்துக்கும் ஒதுக்கப்படட்டும். இரண்டு மாணவர்களுக்கு ஒரு கணினி என்பது குறையாகாது. ஒருவர் விசைப்பலகையில் இருக்க, மற்றவர் அருகிலிருந்து யோசித்துச் சொல்லி, பின் இடம் மாற்றிக்கொள்வது நல்ல பயிற்சி. இன்னொரு வேண்டுகோள்: பழுதாகிவிடுமோ என்ற அச்சத்தில் அறையைப் பூட்டி வைக்காதீர்கள்.

கேள்வி: கணினிப் பாடம் என்ற பெயரில் கடிதம் தட்டச்சு செய்யவும் அட்டவணை போடவும்தான் கற்றுத்தருகிறார்கள். நிரல் எழுதுவதைப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டுமா? எல்லாக் குழந்தைகளும் மென்பொருள் பொறியாளர் ஆகப்போவதில்லையே?
– கணித ஆசிரியை ஒருவர்

பதில்: நிரல், அதாவது கணினிக்கு இடும் கட்டளைகளின் தொடர், எழுதக் கற்பிப்பது பொறியாளர்களை உருவாக்குவதற்காக மட்டும் அன்று. கணித ஆசிரியையான உங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன்.

1967-இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் முதலியோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். பின்னர் அதனுடன் சேர்க்கப்பட்ட ‘ஆமை’ என்ற சிறு உருவம், குழந்தை இடும் கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும். ‘100 அடி முன்னே செல், 90 பாகை வலப்பக்கம் திரும்பு’ என்பதை நான்கு முறை சொன்னால் சதுரம் கிடைக்கிறது. அடுத்து ஒரு குழந்தை சமபக்க முக்கோணம் வரைய நினைக்கிறாள். முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று அவள் படித்திருக்கிறாள்; ஆகவே 60 பாகை திரும்பச் சொல்கிறாள். மூன்று பக்கங்கள் வரைந்த பிறகும் கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை. பாதி அறுகோணம்தான் திரையில் நிற்கிறது. ஏன் என்று தேடத் தொடங்குகிறாள். எழுந்து நின்று, தானே ஆமையைப் போல நடந்து பார்க்கிறாள். ஆமை திரும்புவது உட்கோணத்தின் அளவுக்கு அன்று, வெளிக்கோணத்தின் அளவுக்கு என்பதும், அது 120 பாகை என்பதும், எந்த உருவமானாலும் ஒரு முழுச் சுற்று முடியும்போது மொத்தம் 360 பாகை திரும்பியிருக்க வேண்டும் என்பதும் அவளுக்கே புலப்படுகின்றன. கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்திருந்தால் தேர்வு வரையிலாவது நினைவில் இருந்திருக்கும். இப்படித் தானே கண்டுபிடித்தது நெடுங்காலம் அவளோடு இருக்கும்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பிழையைப் பற்றிய அவளது மனநிலை. விடைத்தாளில் பிழை என்றால் சிவப்பு மையும் குறைந்த மதிப்பெண்ணும்தான். நிரலில் பிழை என்றால், எந்த வரியில் என்று தேடித் திருத்தி மறுபடி இயக்கிப் பார்க்கலாம், யாரும் கடிந்துகொள்வதில்லை. குழந்தையைக் கணினி நடத்தக் கூடாது, கணினியைக் குழந்தை நடத்த வேண்டும் என்பதே பேப்பர்டின் வாதத்தின் சாரம். பள்ளிகளில் இன்று விற்கப்படும் மென்பொருள்களில் பல இதற்கு நேர்மாறாக, கேள்வியைக் காட்டி, சரியான விடையை அழுத்தியதும் ஒரு நட்சத்திரத்தைத் தந்து அனுப்பிவிடுகின்றன. பெருக்கல் வாய்ப்பாட்டைப் பயிலுவதற்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை. அதையே தொழில்நுட்பக் கல்வி என்று பெற்றோரிடம் சொல்வதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தட்டச்சும் அட்டவணையும் தேவைதான். ஆனால் அவை சில வாரங்களில் பழகிவிடக்கூடியவை. பல ஆண்டுகளுக்கு இழுக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் 2014 முதல் பழைய பாடத்திட்டத்தை மாற்றி, 5 வயதிலிருந்தே நிரலாக்கத்தின் அடிப்படைகளைக் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் வண்ணக் கட்டங்களாகக் கோத்து நிரல் எழுத உதவுகிறது. அதற்குக் கட்டணமும் இல்லை. நடுநிலை வகுப்புகளுக்கு அதிலிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: மூன்று வயது மகளைச் சேர்க்கவிருக்கும் பள்ளியில், மழலையர் வகுப்பிலேயே தொடுதிரையில் பாடம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நல்லதுதானா?
– பெற்றோர் ஒருவர்

பதில்: அவசரம் தேவையில்லை. 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்க்கும் நேரம் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. வீட்டுத் திரைகளிலேயே அந்த நேரம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மணல், களிமண், கதை, ஓட்டம் ஆகியவற்றுக்கு அந்தப் பள்ளி எவ்வளவு நேரம் ஒதுக்குகிறது என்று கேளுங்கள்.

கேள்வி: என் மகன் வீட்டுப்பாடக் கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டு போகிறான். ஆசிரியரும் பாராட்டுகிறார். தடுப்பதா, விட்டுவிடுவதா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவனின் தாய்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. கட்டுரை எழுதச் சொல்வது, தாளை நிரப்புவதற்காக அன்று; செய்திகளைத் தேடி, வரிசைப்படுத்தி, சொல்லுக்குச் சொல் தேர்ந்து எழுதும்போது மனம் பெறும் பயிற்சிக்காக. அந்த உழைப்பைச் செயலியிடம் ஒப்படைத்துவிட்டால், மாணவனிடம் எஞ்சுவது நல்ல கையெழுத்து மட்டுமே.

எனினும், முற்றாகத் தடுப்பது நடைமுறையில் இயலாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு, யுனெஸ்கோ 2023-இல் வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டு, வகுப்பறையில் இத்தகைய செயலிகளைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயதாக 13-ஐப் பரிந்துரைத்தது. உங்கள் மகன் அந்த வயதைக் கடந்தவன். முதலில் அவனே ஒரு முழு வரைவை எழுதட்டும்; பிறகு செயலியிடம் காட்டி, எங்கே வாதம் பலவீனமாக இருக்கிறது என்று கேட்கட்டும். அது சொல்வதை நம்புவதற்கு முன் பாடநூலிலும் நூலகத்திலும் சரிபார்க்கட்டும். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே அந்தச் செயலி வாக்கியங்களை அமைக்கிறது. ஆகவே தவறான ஆண்டையும் இல்லாத நூலையும்கூடத் தயக்கமின்றிச் சொல்லும். அப்படி ஒரு தவறை அவனே கண்டுபிடித்தால், அதற்கு மேல் எந்த அறிவுரையும் தேவைப்படாது.

ஆசிரியரிடமும் பேசுங்கள். எழுதிவந்த கட்டுரையைப் பற்றி வகுப்பில் இரண்டு நிமிடம் வாய்மொழியாகக் கேள்வி கேட்டாலே, யார் எழுதியது என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: என் மாணவர்கள் கணினியில் என்னைவிடத் தேர்ந்தவர்கள். ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருக்கும் என்னைப் போன்றோருக்கு இனி வகுப்பில் என்ன வேலை?
– வரலாற்று ஆசிரியர் ஒருவர்

பதில்: 1913-லேயே தாமஸ் எடிசன், திரைப்படம் வந்துவிட்டதால் பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்துவிடும் என்று சொன்னார். பிறகு வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. வகுப்பில் புத்தகமும் இருக்கிறது, ஆசிரியரும் இருக்கிறார்.

உங்கள் மாணவர்களுக்குத் தெரிந்திருப்பது பொத்தான்கள். ஒரு பழைய நிகழ்ச்சியைப் பற்றி இணையத்தில் முரண்பட்ட இரண்டு செய்திகள் கிடைத்தால், எழுதியவர் யார், எப்போது எழுதினார், எந்தச் சான்றைக் காட்டுகிறார், மறைப்பது என்ன என்று கேட்கும் முறை உங்களுக்குத் தெரியும். அது அவர்களுக்குத் தெரியாது. கருவியை இயக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டு, இந்தக் கேள்விகளை நீங்கள் கேளுங்கள். தெரியாததை மாணவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் இழிவு ஒன்றும் இல்லை.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒரு கணினிகூட இல்லை. நாங்கள் என்ன செய்வது?
– தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: இன்றே தொடங்கலாம். நியூசிலாந்தின் டிம் பெல் முதலியோர் கணினி இல்லாமலே கணினி அறிவியலைக் கற்பிக்கும் விளையாட்டுகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஐந்து அட்டைகளில் இடமிருந்து வலமாக 16, 8, 4, 2, 1 எனப் புள்ளிகள் வையுங்கள். ஐந்து குழந்தைகள் ஆளுக்கு ஓர் அட்டையோடு வரிசையாக நிற்கட்டும். புள்ளிகள் தெரிந்தால் 1, அட்டையைத் திருப்பிவிட்டால் 0; கணினி எண்களைக் குறிப்பது இந்த இரண்டைக் கொண்டுதான். இப்போது 13 என்ற எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். 8, 4, 1 ஆகிய அட்டைகளைப் பிடித்திருப்பவர்கள் மட்டும் காட்டினால் 01101 கிடைக்கும். இப்படி 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்ட முடியும். ஆறாவது அட்டையில் எத்தனை புள்ளிகள் இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.