காப்பிப் பழம் தெரியுது, குளவிக்கூடு ஏன் தெரியல டாக்டர்?

கேள்வி: எனக்கு 46 வயசுங்க, ஏற்காட்டுல எஸ்டேட்ல காப்பிப் பழம் எடுக்கிற வேலை. இலைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற பழம்கூட பளிச்சுனு தெரிஞ்சிடும், ஆனா போன வாரம் அதே செடியில இருந்த குளவிக்கூடு தெரியாம கைய விட்டு நல்லா கொட்டு வாங்கிட்டேன். கண்ணு என்ன பொடனியிலயா இருக்குன்னு வீட்டுக்காரர் கேக்குறாரு. சேலத்துல கண் டாக்டர் பார்வை சரியா இருக்குன்னுட்டாரு. அப்போ மூளையில ஏதாச்சும் கோளாறா?

பதில்: பயப்படாதீங்கம்மா, நீங்க சொல்றத வச்சுப் பாத்தா மூளை அது வேலைய கொஞ்சம் ஜாஸ்தியாவே ஒழுங்கா செய்யுதுன்னுதான் தோணுது. கண்ணுல விழுற எல்லாத்தையும் மூளை ஒரே மாதிரி கவனிக்காது, அவ்வளவு தெம்பு அதுக்குக் கிடையாது, கைய நீட்டிப் பிடிச்சா கட்டைவிரல் நகம் எவ்ளோ தெரியுமோ ஏறக்குறைய அந்த அளவு இடம்தான் ஒரு நேரத்துல ரொம்பத் தெளிவா தெரியும். அதனால எதைத் தேடுறோம்னு நெத்திப் பக்கமும் உச்சிப் பக்கமும் இருக்கிற மூளைப் பகுதிகள் முதல்லயே முடிவு பண்ணி, பின்னந்தலையில பார்வையப் பாத்துக்குற பகுதிக்கு தகவல் அனுப்பிடும். நீங்க கூடைய கட்டினதுமே 'சிவப்பு'ன்னு உத்தரவு போயிடுது, உடனே சிவப்புக்கு வேலை செய்யுற செல்லுங்க எல்லாம் உஷாராயிடும், இதுல விசேஷம் என்னன்னா நீங்க பாக்குற கிளையில மட்டுமில்ல, ஓரக்கண்ணுல படுற கிளையிலயும் சிவப்பு தூக்கலா தெரியும். எந்தக் கொத்துல கை வைக்கப் போறீங்களோ அந்த இடத்துக்கு தனியா இன்னொரு கவனிப்பும் உண்டு. காஞ்ச இலை நிறத்துல ஆடாம அசையாம தொங்குற கூடு இந்த ரெண்டு கணக்குலயும் வரல, அதான் விட்டுப்போச்சு. குளவி பறந்திருந்தா கதையே வேற, திடீர்னு அசையுறது நாம தேடாட்டியும் கவனத்த இழுத்துடும்.

எங்க ஆளுங்களும் இதுல மாட்டினவங்கதான். 2013ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல நுரையீரல் ஸ்கேன்ல கட்டி தேடச் சொல்லி, அதுக்குள்ள கட்டியவிட 48 மடங்கு பெருசா கொரில்லா படத்த ஒட்டிக் குடுத்தாங்க, 24 ஸ்கேன் டாக்டருங்கள்ல 20 பேர் பாக்கல! அதுல பாதிக்கு மேல அந்த இடத்தையே நேரா பாத்திருக்காங்க, கண்ணு எங்க போச்சுன்னு மெஷின் பதிவு பண்ணிருக்கு. இத வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

இன்னும் உஷாரா இருங்கன்னு சொல்றதுல பிரயோஜனம் இல்லைங்க. ஒவ்வொரு செடிகிட்ட போனதும் பழத்த மறந்துட்டு குளவி மட்டும் இருக்கான்னு ஒரு தடவை கீழயிருந்து மேல பாத்துடுங்க, அப்புறம் பழம் எடுங்க. ரெண்டையும் சேர்த்துத் தேடினா ஒண்ணு கோட்டை விட்டுப்போகும். கொட்டினப்புறம் மூச்சுத் திணறல், முகம் வீக்கம், தலைசுத்தல் வந்தா மட்டும் வீட்டு வைத்தியம் பாக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

எப்போ நிஜமாவே பயப்படணும்னா, திடீர்னு ஒரு பக்கமே தெரியாத மாதிரி நடந்துக்கிட்டா, அதாவது தட்டுல வலது பாதி சோத்த மட்டும் சாப்பிட்டு எழுந்திரிக்கிறது, இடது பக்க கதவுல இடிச்சுக்கிறது, இதெல்லாம் மூளையோட வலது பக்கத்துல வர்ற பக்கவாதமா இருக்கலாம். இதுக்கு ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், மலையில இருந்து இருபது ஊசி வளைவு இறங்கி சேலம் வரவே நேரமாகும், அதனால காலையில பாத்துக்கலாம்னு இருக்காம உடனே 108க்கு போன் பண்ணுங்க.

இன்னொண்ணு, கண் டாக்டர் எழுத்துப் பலகைய மட்டும் படிக்கச் சொன்னாரா, இல்ல பக்கவாட்டுப் பார்வையும் கண் பிரஷரும் பாத்தாரான்னு நீங்க எழுதல. 40 வயசுக்கு மேல அதையும் பாக்கணும், ஏன்னா கண் பிரஷர்ல ஓரப்பார்வை நமக்கே தெரியாம குறையும், பலகையில கடைசி வரி வரைக்கும் படிச்சாலும் அது தெரியாதுங்க.