கிளாட் தேர்வில் மதிப்பெண்ணை உயர்த்துவது எப்படி?

பிளஸ் டூ முடித்து, கொச்சி நுவால்ஸ் போன்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் நுழைவுத்தேர்வுதான் கிளாட். 2 மணி நேரம், 120 கேள்விகள். தப்பான பதிலுக்கு 0.25 குறையும்.

கேள்விகள் ஆங்கிலப் பத்திகளை ஒட்டியே வருவதால், வேகமாகப் புரிந்து வாசிப்பவருக்கே மதிப்பெண் ஏறும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளரும் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகள் தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கம் வாசித்து, அதன் வாதத்தை இரண்டு வரியில் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். இதை மட்டும் விடவே விடாதீர்கள்! அப்புறம், மாதிரித் தேர்வில் தப்பானவை ஏன் தப்பாயின என்று பாருங்கள்.

தேர்வில் வரும் சட்டப் பகுதி தெருக் கிரிக்கெட் மாதிரி. மதில் தாண்டினால் அவுட் என்றால் அவுட்தான். டிவியில் பார்த்த விதி அங்கே செல்லாது. சட்டப் பிரிவுகளை முன்கூட்டியே மனப்பாடம் செய்யணும் என்று பலர் நினைப்பது தவறு. வேண்டிய விதி பத்தியிலேயே இருக்கும்.